அறக்கொட்டிக்கு எந்த வழி? பெரும்போகத்துக்கு முன் ஓர் ஒப்பீடு

மட்டக்களப்பின் படுவான்கரையிலும் அம்பாறையின் சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று வட்டைகள் எனப்படும் வயல்வெளிகளிலும் பெரும்போகத்துக்கு முன்னர் கூடும் ஆரம்பக் கூட்டங்களில் நீர் திறக்கும் நாள், விதைப்பு முடியவேண்டிய நாள், மாடுகளை வட்டையிலிருந்து அகற்றவேண்டிய நாள் ஆகியவை எல்லோரும் கூடியிருந்து தீர்மானிக்கப்படுகின்றன. எந்தப் பூச்சிநாசினியை அடிப்பது, அடிக்கத்தான் வேண்டுமா என்ற கேள்வி மட்டும் அந்தக் கூட்டத்துக்கு வருவதில்லை. அது மார்கழியிலோ தையிலோ, வயலின் நடுவே வட்டம் வட்டமாக வேளாண்மை காய்ந்து கருகியபின், கடைக்காரரின் மேசைக்கு முன்னால், பதற்றத்தோடு, ஐந்து நிமிடத்தில் தீர்க்கப்படுகிறது. அந்த ஐந்து நிமிடத்தில் பயிரைப் பற்றிய பயம் இருக்கும். மருந்தடிப்பவரின் உடலைப் பற்றிய யோசனைக்கு இடமிருக்காது. அதனால் அந்த முடிவை விதைப்புக்கு முன்னரே, அமைதியாக இருக்கும்போதே எடுக்கவேண்டும் என்று கருதி இந்த ஒப்பீட்டை எழுதுகிறேன்.

ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொண்ட பூச்சி அறக்கொட்டி. துண்டுப்பிரசுரங்களில் கபில நிறத் தத்தி எனப்படும் இது, நெற்பயிரின் அடித்தண்டில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே கூட்டமாக இருந்து சாற்றை உறிஞ்சுகிறது. இதை எதிர்கொள்ள நம் முன் நான்கு வழிகள் இருக்கின்றன. பழகிய ஓர்கனோபொஸ்பேட் மருந்துகளையே பாதுகாப்போடு அடிப்பது ஒன்று. வேறு இரசாயன வகுப்பைச் சேர்ந்த மருந்துகளுக்கு மாறுவது இன்னொன்று. வேம்பு முதலிய தாவரச் சாறுகளை நம்புவது மூன்றாவது. இனத் தெரிவு, விதைக்கும் அளவு, நீர், எண்ணிப் பார்த்தல் ஆகியவற்றால் பூச்சியை அளவோடு வைத்துக்கொண்டு, தவிர்க்கமுடியாத இடத்தில் மட்டும் மருந்தைத் தொடுவது நான்காவது. விளைச்சலையும் செலவையும் நான் கணக்கில் எடுக்கிறேன். ஆனால் முதல் அளவுகோலாக வைப்பது மருந்தடிப்பவரின் உடலையே. தன் வயலுக்குத் தானே அடிக்கும் சிறு விவசாயிக்கு அது ஒரு போகத்தில் சில நாள் வேலை. கூலிக்கு அடிப்பவரோ பூச்சி பரவும் காலத்தில் ஒரு வயலிலிருந்து இன்னொரு வயலுக்கு, நாள்தோறும், இடுப்பில் உடுத்த அதே நனைந்த சாரத்தோடு போகிறார். பலருடைய வயலின் நஞ்சு ஒருவருடைய உடம்பில் சேர்கிறது.

சேதனப் பொசுபேற்று என்றும் ஓர்கனோபொஸ்பேட் என்றும் அழைக்கப்படும் இந்த வகுப்பில் பரத்தியோன், மொனோகுரோட்டோபொஸ், மெதமிடோபொஸ், டைமெதோயேட், பென்தியோன், குளோர்பைரிபொஸ், புரோபெனோபொஸ், டயசினோன், மலத்தியோன் எனப் பல பெயர்கள் உள்ளன. வீரியம் வேறு வேறானாலும் வேலை செய்யும் விதம் ஒன்று. நரம்பிலிருந்து தசைக்கும் சுரப்பிக்கும் செய்தி கொண்டுபோவது அசிற்றைல்கோலின் என்னும் பொருள். செய்தி சேர்ந்தவுடன் அதைச் சிதைத்து அடுத்த செய்திக்கு வழி விடுவது கோலினெஸ்டரேஸ் என்னும் நொதியம். துருசைத் திறந்து வாய்க்காலுக்கு நீர் விட்டபின், போதும் என்றதும் மூடுவதற்கு ஓர் ஆள் வேண்டுமல்லவா, அந்த ஆளின் கையைக் கட்டிவிடுகிறது இந்த நஞ்சு. திறந்த துருசு திறந்தபடியே கிடக்க, வாயில் எச்சிலும் கண்ணில் நீரும் உடம்பில் வியர்வையும் பெருகுகின்றன, வயிறு போகிறது, கண்மணி ஊசிமுனைபோல் சுருங்குகிறது, தசைகள் துடித்துத் துடித்துச் சோர்கின்றன, நெஞ்சுக்குள் சளி நிறைந்து மூச்சுவிடும் தசைகளும் ஓய்ந்தால் உயிர் போகிறது. பூச்சியின் நரம்பிலும் இதே நொதியம்தான் இருக்கிறது. பூச்சிக்கு ஒரு நஞ்சு, மனிதனுக்கு ஒரு நஞ்சு என்ற பிரிவு இந்த வகுப்பில் மிக மெல்லியது.

கடும் நஞ்சேற்றத்தில் முதல் நாள் தப்பியவர் தப்பிவிட்டார் என்று சொல்லமுடியாது. நஞ்சேறி 24 முதல் 96 மணித்தியாலங்களுக்குள், தெளிந்துவருவதுபோல் தோன்றிய நோயாளிக்குக் கழுத்தைத் தூக்கமுடியாமல் போய், மூச்சுத்தசைகள் செயலிழக்கும் ஒரு நிலை வரக்கூடும். இடைநிலைக் கூட்டறிகுறி எனப்படும் இதை 1987இல் உலக மருத்துவத்துக்கு முதலில் விவரித்தவர்கள் நிமால் சேனாநாயக்க, லக்ஷ்மன் கரல்லியத்த என்னும் இலங்கை மருத்துவர்கள். நம் நாட்டு விவசாயிகளின் படுக்கையருகே இருந்து கற்ற பாடம் அது. சில ஓர்கனோபொஸ்பேட்கள் இரண்டு மூன்று வாரம் கழித்துக் கால்களின் நரம்புகளைப் பாதிப்பதும் உண்டு.

ஆனால் வட்டையில் அன்றாடம் நடப்பது இவ்வளவு வெளிப்படையாக இருப்பதில்லை. விவசாயப் போதனாசிரியராக இருந்த காலத்தில் நான் கண்ட ஒருவரை இங்கே சொல்லவேண்டும். முதுகில் சுமந்த தெளிகருவியின் மூடி சரியாக இறுகாததால் காலையிலிருந்து அவருடைய முதுகும் சாரமும் நனைந்தபடியே இருந்தன. மதியம் வாடிக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தவருக்குத் தலையிடி, மயக்கம், வாந்தி. வெயில் அடித்துவிட்டது என்றார்கள், இளநீர் கொடுத்தார்கள். பின்னேரம் கைகளின் சதை துடிக்கத் தொடங்கியபின்தான் வைத்தியசாலைக்குக் கொண்டுபோனோம். பிழைத்துக்கொண்டார். என்னை இன்றும் உறுத்துவது அதற்குப் பின் நடந்ததுதான். அடுத்த வாரமே அவர் இன்னொரு வயலில் மருந்தடித்துக்கொண்டிருந்தார். சிவப்பணுக்களில் உள்ள அந்த நொதியம் நஞ்சினால் கட்டுண்டபின், புதிய அணுக்கள் உருவாக உருவாகத்தான், நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 வீதம் என்ற மெதுவான வேகத்தில் மீள்கிறது. உடம்பு தேறிவிட்டதாகத் தோன்றினாலும் உள்ளே கையிருப்பு பாதியாகவே இருக்கலாம். அடுத்த முறை முந்தியதைவிடக் குறைந்த அளவே அவரை விழுத்தப் போதும். அதை அவருக்குச் சொல்லவேண்டியவர்களில் நானும் ஒருவன், சொல்லவில்லை.

நஞ்சு மூக்கால்தான் ஏறுகிறது என்று நினைத்து முகத்தில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டு அடிப்பது நம் பக்கத்து வழக்கம். வயலில் பெரும்பகுதி தோல் வழியாகவே போகிறது, அதுவும் எல்லாத் தோலும் ஒன்றல்ல. பரத்தியோனைக் கொண்டு 1971இல் வெளியான ஓர் ஆய்வில், முன்கையில் இட்டதில் ஏறத்தாழ 9 வீதம் உடலுக்குள் சென்றது. தலைத்தோலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. அக்குளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு. விதைப்பையின் தோலில் இட்டது ஏறத்தாழ முழுவதுமாக. கசியும் தெளிகருவியிலிருந்து முதுகு வழியாக வடிந்து, இடுப்பில் மடித்துக்கட்டிய சாரத்தில் ஊறி நிற்கும் மருந்து எங்கே போய்ச் சேர்கிறது என்பதை இந்த எண்களோடு சேர்த்து எண்ணிப்பாருங்கள். முகத்துணி மறைக்கும் இடமும் ஆபத்து நிற்கும் இடமும் வேறு வேறு.

நீண்டகாலப் பாதிப்புகளைப் பற்றி மிகையாகச் சொல்லவும் கூடாது, மறைக்கவும் கூடாது. உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2015இல் மலத்தியோனையும் டயசினோனையும் மனிதரில் புற்றுநோயை உண்டாக்கக்கூடியவையாக இருக்கலாம் என்ற 2ஏ பிரிவில் சேர்த்தது. கருவிலிருக்கும் குழந்தை பற்றிய சான்று எனக்கு இதைவிட அதிகக் கவலை தருகிறது. கலிபோர்னியாவின் சலினாஸ் பள்ளத்தாக்கில் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களின் தாய்மாரைக் கர்ப்ப காலத்திலிருந்து தொடர்ந்து கவனித்த ஆய்வொன்றில், ஓர்கனோபொஸ்பேட் எச்சம் மிகக் கூடுதலாக இருந்த ஐந்திலொரு பங்குத் தாய்மாரின் பிள்ளைகள், மிகக் குறைவாக இருந்தவர்களின் பிள்ளைகளைவிட 7 வயதில் நுண்ணறிவு அளவீட்டில் சராசரியாக 7 புள்ளிகள் பின்தங்கியிருந்தனர். வளரும் மூளையைப் பற்றிய இத்தகைய கவலையும் சேர்ந்தே ஐரோப்பிய ஒன்றியம் 2020இல் குளோர்பைரிபொஸின் அனுமதியைப் புதுப்பிக்காமல் விட்டது. 2025இல் அது ஸ்டொக்ஹோம் உடன்படிக்கையில், சில விலக்குகளுடன், ஒழிக்கப்படவேண்டிய பொருள்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. மருந்தடித்து வந்தவரின் சாரத்தையும் சேட்டையும் கிணற்றடியில் கசக்குபவர் யார் என்று கேட்டால், பெரும்பாலான வீடுகளில் மனைவிதான். அவர் கர்ப்பிணியாகவும் இருக்கலாம்.

இனி, முதல் வழியாகிய பாதுகாப்போடு அடித்தல். நீளக் கால்சட்டை, நீளக் கைச்சட்டை, இரசாயனம் ஊறாத கையுறை, காலணி, கசியாத தெளிகருவி, காற்றின் போக்கறிந்து நடத்தல், வேலை முடிந்தவுடன் சவர்க்காரமிட்டுக் குளித்தல், உடையைத் தனியாகத் துவைத்தல்: இவை ஒவ்வொன்றும் உண்மையாகவே பயன் தருபவை. நான் இவற்றை வருடக்கணக்காகச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஆனால் சேறு முழங்கால்வரை ஏறும் வரவையில் காலணியோடு நடக்கமுடியாது; சிறுபோகத்துக் கச்சான் காற்றின் வெக்கையில் இறப்பர் உடுப்போடு ஒரு மணித்தியாலம் நிற்கமுடியாது. பாதுகாப்பு முழுவதும் கவசத்தை நம்பியே நிற்கும் ஒரு வழி, கவசம் அணியமுடியாத காலநிலையில் பாதி வழிதான். மகாராஷ்டிராவின் யவத்மாலில் 2017இல் பருத்திக்கு மருந்தடித்தவர்களில் 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்கள் எல்லோரும் கவனமற்றவர்கள் என்று யாரும் சொல்லமுடியாது.

அதே வகுப்புக்குள்ளேயே நஞ்சு குறைந்ததைத் தெரிந்தெடுக்கலாமே என்பது நியாயமான கேள்வி. அனுராதபுரம், பொலன்னறுவைப் பகுதிகளின் வைத்தியசாலைகளில் நஞ்சுண்ட நிலையில் சேர்க்கப்பட்ட 802 பேரைக் கொண்டு 2005இல் வெளியான ஆய்வு இதற்குத் தெளிவான பதில் தருகிறது. குளோர்பைரிபொஸால் பாதிக்கப்பட்டவர்களில் 8.0 வீதத்தினரும், பென்தியோனால் பாதிக்கப்பட்டவர்களில் 16.2 வீதத்தினரும், டைமெதோயேட்டால் பாதிக்கப்பட்டவர்களில் 23.1 வீதத்தினரும் இறந்தனர். மூன்றும் உலக சுகாதார ஸ்தாபனத்தின் தரப்படுத்தலில் ஒரே இரண்டாம் வகுப்பு. போத்தலில் ஒரே மஞ்சள் பட்டி. எலிக்குக் கொடுத்துப் பார்த்த அளவைக்கொண்டு ஒட்டப்படும் பட்டி, மனிதனுக்கு நேரும் கதியில் மூன்று மடங்கு வேறுபாட்டை மறைத்துவிடுகிறது. ஆகவே அதைவிடக் கொடிய நஞ்சுக்குரிய சிவப்புப் பட்டியை விலக்குவது அவசியம். மஞ்சள் பட்டியைக் கண்டு நிம்மதியடைவதும் தவறு.

இலங்கை இந்தப் பாடத்தைச் சட்டத்தால் கற்ற நாடு. 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைநாசினிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் 1984இல் பரத்தியோன் வகைகளும், 1995இல் மொனோகுரோட்டோபொஸும் மெதமிடோபொஸும், 2008க்கும் 2011க்கும் இடையில் டைமெதோயேட்டும் பென்தியோனும் விலக்கப்பட்டன. 1995இலிருந்து 2015க்குள் நாட்டின் தற்கொலை வீதம் ஏறத்தாழ 70 வீதத்தால் குறைந்ததில் இந்தத் தடைகளுக்குப் பெரும் பங்குண்டு. நெல் விளைச்சல் அதனால் விழவில்லை. பெட்டியில் பூட்டிவைத்தால் போதும் என்ற எண்ணமும் நம் நாட்டிலேயே சோதிக்கப்பட்டது. வடமத்திய மாகாணத்தில் 180 கிராமங்களில் நடந்த பரிசோதனையில், வீடுகளுக்குப் பூட்டும் பெட்டி கொடுத்தது நஞ்சருந்துதலைக் குறைத்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. பூட்டிவைப்பது பிள்ளைகளுக்காகத் தேவையானதே. ஆனால் மனம் உடைந்த ஒரு நேரத்தில் உயிரைக் காப்பது, வீட்டில் அப்படிப்பட்ட மருந்து இல்லாதிருப்பதுதான். அவ்வாறான வேளையில் இருப்பவரும் அவரைச் சேர்ந்தவர்களும் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தை எந்நேரமும் அழைக்கலாம்.

இரண்டாவது வழியாகிய வகுப்பு மாற்றத்தில் எல்லாம் ஒரே தரமல்ல. கார்பமேட்டுகள் அதே நொதியத்தைத்தான் கட்டுகின்றன. ஒரு நாளளவில் தாமாகவே விடுகின்றன என்பதால் ஆபத்தின் காலம் குறுகியதே தவிர, ஆபத்து இல்லாமலில்லை. கார்போபியூரானின் தூய பொருள் சிவப்புப் பட்டிக்குரிய நஞ்சு. பைரெத்ரொயிட்டுகள் தோலில் எரிச்சலைத் தரும், கடும் நஞ்சேற்றம் அரிது; ஆனால் மீனுக்கும் இறாலுக்கும் அவை மிகக் கொடியவை. வயலின் வடிகால் வாய்க்கால் போய்ச் சேருமிடம் வாவி, அந்த வாவியில் வலை வீசி வாழும் குடும்பங்கள் நம் அயலவர்கள். அறக்கொட்டியைப் பொறுத்தவரையில் அவை சிலந்திகளைக் கொன்று பூச்சியைப் பெருக்குவதும் நன்கு அறியப்பட்ட விடயம். ஆகவே நெல்லில் அவற்றை நான் பரிந்துரைக்கமாட்டேன். இமிடாகுளோபிரிட் போன்ற நியோனிக்கோட்டினொயிட்டுகள் மனிதருக்கு ஓர்கனோபொஸ்பேட்களைவிட மிகக் குறைந்த ஆபத்துடையவை. அவற்றின் குறை வேறு: தேனீக்களுக்குக் கேடு என்பதால் ஐரோப்பா 2018இல் திறந்த வயலில் முக்கியமான மூன்றைத் தடை செய்தது, ஆசிய நாடுகளில் அறக்கொட்டி 2000களின் நடுப்பகுதியிலிருந்தே இமிடாகுளோபிரிட்டுக்கு வலுவான எதிர்ப்பைப் பெற்றுவிட்டது. பியூப்ரோபெசின் பூச்சியின் தோலுரிப்பைத் தடுப்பது. மனிதருக்கும் சிலந்திக்கும் ஆபத்துக் குறைந்த இதை, மருந்து அடித்தே ஆகவேண்டிய நிலை வந்தால், நான் முதலில் விசாரிப்பேன். ஆனால் அது குஞ்சுகளையே கொல்லும், வளர்ந்த பூச்சியைக் கொல்லாது, பலன் தெரியச் சில நாள் எடுக்கும். அடித்த மறுநாள் காலையில் வயலுக்குப் போய், பூச்சி இன்னும் உயிரோடு இருக்கிறதே என்று வேறொன்றைக் கலந்து அடிப்பவரிடம் இந்த மருந்து தோற்றுப்போகும். பதிவுப் பட்டியல் காலத்துக்குக் காலம் மாறுவதால், எதை வாங்குவதானாலும் அன்றைய நிலையைக் கமநல சேவை நிலையத்தில் கேட்டறிவதும், சிட்டையில் பதிவு இலக்கமும் தமிழில் அறிவுறுத்தலும் இல்லாத போத்தலை மறுப்பதும் நல்லது.

மூன்றாவது வழியில் வேம்பு மட்டுமே நிற்கிறது. 100 லீற்றர் நீருக்கு 5 கிலோ வேப்பம் பருப்பை இடித்து ஊறவைத்து வடிக்கும் 5 வீதச் சாறு தமிழ்நாட்டின் வயல்களில் நெடுங்காலமாகப் பயன்படுவது. அசாடிராக்டின் என்னும் அதன் பொருள் பூச்சியை உண்ணாமல் தடுத்து, வளர்ச்சியைக் குலைக்கிறது. வெயிலில் விரைவில் சிதைவதால் பின்னேரத்தில் அடிக்கவேண்டும், திரும்பவும் அடிக்கவேண்டும். தொடக்கத் தாக்கத்துக்கு இது பொருந்தும். அறக்கொட்டி அடர்ந்து வயல் கருகத் தொடங்கியபின் இதனால் மீட்கமுடியாது. இயற்கையானது என்பதால் தீங்கற்றது என்று எண்ணுவதையும் கைவிடவேண்டும். வேப்பெண்ணெயைச் சிறு பிள்ளைகளுக்கு வாயில் கொடுத்து வலிப்பு வந்த சம்பவங்கள் மருத்துவத்தில் பதிவாகியுள்ளன. புகையிலையை ஊறவைத்து அடிக்கும் பழைய முறையில் வேலை செய்வது நிக்கொட்டின். அதுவும் தோல் வழியாக ஏறும், அதன் தரமும் சிவப்புப் பட்டிதான். புகையிலைச் சாற்றை நான் யாருக்கும் சொல்வதில்லை.

நான்காவது வழிக்கு வரும்போது, 2021இன் நினைவு எல்லோருக்கும் எழும். அந்த ஆண்டு மே மாதத்தில் இரசாயன உரமும் பீடைநாசினியும் ஒரே நாளில் நிறுத்தப்பட்டு, நவம்பரில் அந்த முடிவு கைவிடப்பட்டு, இடையில் விவசாயி பட்ட பாட்டை நாம் கண்டோம். ஆயத்தமில்லாமல் கைவிடுவதை யாரும் ஒரு வழியாகக் கொள்ளவேண்டாம். நான் சொல்லும் வழி ஆயத்தத்தில் தொடங்குவது.

பூச்சியை மருந்தே பெருக்குகிறது என்ற உண்மையை முதலில் விளங்கிக்கொள்ளவேண்டும். அறக்கொட்டி தன் முட்டைகளை இலையுறைக்குள் செருகி இடுகிறது. மருந்து அங்கே போவதில்லை. அதே மருந்து வரம்போரச் சிலந்திகளையும், முட்டையை உறிஞ்சித் தின்னும் சிறு நாவாய்ப் பூச்சிகளையும் அழித்துவிடுகிறது. ஒரு வாரம் பத்து நாளில் முட்டை பொரித்து வெளிவரும் குஞ்சுகளுக்குக் காவலற்ற வயல் கிடைக்கிறது. இந்தோனேசியாவில் 1970களிலும் 80களிலும் அரசே பெரும் மானியம் கொடுத்து மருந்தடிக்கச் செய்தபோது அறக்கொட்டி பேரழிவாக மாறியது இவ்வாறுதான். 1986இல் அந்நாட்டின் ஜனாதிபதி ஓர் ஆணையால் 57 பூச்சிநாசினித் தயாரிப்புகளை நெல்லில் தடைசெய்தார். 1989க்குள் மானியம் நிறுத்தப்பட்டது. விவசாயிகளுக்கு வயலிலேயே பாடசாலை நடத்தப்பட்டது. நெல் உற்பத்தி குறையவில்லை. வியட்நாமின் லோங் ஆன் மாகாணத்தில் 1994இல் விதைத்து முதல் 40 நாளுக்குள் பூச்சிமருந்து அடிக்காதீர்கள் என்ற ஒரே செய்தியை வானொலியாலும் சுவரொட்டியாலும் பரப்பினார்கள். மருந்தடிக்கும் தடவைகள் ஏறத்தாழ பாதியாகின. இளம் பயிரின் இலையைப் புழு தின்றால் பயிர் புதிய இலையும், மட்டம் எனப்படும் பக்கத் தண்டும் விட்டு ஈடுசெய்துகொள்கிறது. அந்த நாற்பது நாளில் அடிக்கும் மருந்து பெரும்பாலும் பயிருக்காக அல்ல, பார்ப்பவரின் மனத்துக்காக அடிப்பது.

நம் வட்டைகளில் இதற்கான ஆயத்தம் விதை மூட்டையிலேயே தொடங்குகிறது. வீசி விதைப்புக்கு ஏக்கருக்கு 2 புசல் அளவே போதும் என்பது விவசாயத் திணைக்களத்தின் பரிந்துரை. பலர் களைக்கும் வெள்ளத்துக்கும் பயந்து அதைவிட மிகக் கூடுதலாக வீசுகிறார்கள். அடர்ந்த பயிரின் அடியில் காற்றும் வெளிச்சமும் இல்லாத ஈர நிழல் அறக்கொட்டிக்கு வீடு. மிகையான யூரியா அதற்கு விருந்து. இனத் தெரிவில், பிஜி 379-2 போன்ற தாங்குதிறன் கொண்ட இனங்களை ஒரு பகுதிக்காவது விதைக்கலாம். உலகம் முழுவதும் அறக்கொட்டியைத் தாங்கும் நெல்லினங்களை உருவாக்கப் பயன்படும் பரம்பரையலகுகளில் முக்கியமானவை ரத்து ஹீனட்டி, பாபவீ என்னும் இலங்கைப் பாரம்பரிய நெல்லினங்களிலிருந்தே கண்டறியப்பட்டன என்பதை நம் விவசாயிகளுக்குச் சொல்லும்போது அவர்கள் முகம் மலர்வதைக் கண்டிருக்கிறேன். ஒரு வயற்கண்டத்துக்குள் எல்லோரும் இரண்டு மூன்று வாரத்துக்குள் விதைப்பை முடித்தால் பூச்சி ஒரு வயலிலிருந்து இன்னொரு வயலுக்குத் தாவித் தாவிப் பெருகும் காலம் சுருங்கும். இதைத் தனி ஒருவர் செய்யமுடியாது. ஆரம்பக் கூட்டம் தீர்மானித்தால் முடியும்.

பிறகு எண்ணிப் பார்த்தல். வாரத்துக்கு ஒருமுறை, வயலின் குறுக்கே நடந்து, பத்து இருபது இடங்களில் பயிரை விலக்கி அடித்தண்டைத் தட்டிப் பார்க்கவேண்டும். வரம்பில் நின்று பார்த்தால் அறக்கொட்டி தெரியாது. சிலந்தி இல்லாத வயலில் மட்டத்துக்கு ஒரு தத்தி, சிலந்தி இருக்கும் வயலில் மட்டத்துக்கு இரண்டு என்ற எல்லையைத் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் கொடுக்கிறது. அதைக் கடக்காதவரை மருந்துக்குத் தேவையில்லை. எல்லையை நெருங்கினால் முதலில் வயலின் நீரை வடித்து மூன்று நான்கு நாள் காயவிடலாம். உன்னிச்சை, நவகிரி, சேனாநாயக்க சமுத்திரம் போன்ற குளங்களின் கீழ் முறை நீர் பாயும் வயல்களில் இது இயலும். மானாவாரியிலும், மார்கழி வெள்ளம் நிற்கும் பள்ளக் காணிகளிலும் இயலாது என்பதை ஒத்துக்கொள்ளவேண்டும். எல்லையைக் கடந்தபின் அடிப்பதானால், கருகிய வட்டத்தையும் அதைச் சூழ்ந்த பகுதியையும் மட்டும், பயிரைப் பிரித்து, அடித்தண்டில் படும்படி அடிக்கவேண்டும். மேலே இலையில் விசிறும் மருந்து பூச்சிக்குச் சேராமல் அடிப்பவருக்கும் வாய்க்காலுக்குமே சேர்கிறது. மூட்டுப்பூச்சிக்கும் இதே ஒழுங்கு பொருந்தும்: வரம்புப் புல்லைப் பூக்கவிடாமல் வெட்டுவதில் பாதி வேலை முடிகிறது.

என் தெரிவு நான்காவது வழி. தாக்கம் எல்லை கடந்த இடத்தில் மட்டும் இரண்டாவது வழியின் நஞ்சு குறைந்த மருந்து, ஓர்கனோபொஸ்பேட் கடைசியில்கூட வேண்டாம் என்பதே என் நிலை. ஆனால் எல்லோருக்கும் இது ஒரே நாளில் கைகூடாது. ஏற்கெனவே வாங்கிய ஓர்கனோபொஸ்பேட் போத்தல் வாடியில் இருக்கும் விவசாயி அதைப் பயன்படுத்துவாரானால், குறைந்தபட்சம் கசியும் தெளிகருவியைத் தூக்காதிருக்கட்டும். நனைந்த உடுப்பை அந்த இடத்திலேயே மாற்றிக் குளிக்கட்டும். தலைச்சுற்று வந்தால் வெயில் என்று சொல்லாமல் வேலையை நிறுத்தி, போத்தலின் சிட்டையோடு வைத்தியசாலைக்குப் போகட்டும். அங்கே இந்த நஞ்சுக்கு மாற்று மருந்தான அத்ரோபின் இருக்கிறது, ஒட்சிசன் இருக்கிறது. வீட்டில் பாலோ இளநீரோ கொடுத்துக் காத்திருப்பதும், வாந்தி எடுக்கவைப்பதும் உதவாது. மருந்தைக் கரைத்துள்ள எண்ணெய் வாந்தியோடு நுரையீரலுக்குள் போனால் இன்னொரு கேடு. வெறும் மருந்துக் கானை வீட்டுக்கு எடுத்துவரவே கூடாது; அதில் எஞ்சிய நஞ்சு உணவில் கலந்துவிடலாம். 2013இல் பீகாரின் ஒரு பாடசாலையில் மதிய உணவு உண்ட 23 பிள்ளைகள் இறந்தது, சமையல் எண்ணெயில் மொனோகுரோட்டோபொஸ் கலந்திருந்ததால்தான். 1977-78இல் நம் மலையகத் தோட்டங்களில் பூப்பெய்திய சிறுமிகளுக்கு வழமைப்படி கொடுத்த நல்லெண்ணெயில் வேறொரு ஓர்கனோபொஸ்பேட் கலந்திருந்ததால், பலருடைய கைகால்கள் செயலிழந்தன. அது பூச்சிநாசினிகூட அல்ல. ஆனாலும் அதே குடும்பம்.

கூலிக்கு ஆள் வைத்து அடிப்பிக்கும் காணிக்காரர் முடிவெடுக்கும்போது இன்னொன்றையும் மாற்றவேண்டும். நம் பக்கத்தில் மருந்தடிப்புக் கூலி பெரும்பாலும் டாங்கிக் கணக்கில் கொடுக்கப்படுகிறது. கூடுதல் டாங்கி அடித்தால் கூடுதல் கூலி. மூடியை இறுக்கி, காற்றுப் பார்த்து, நனைந்தால் நின்று குளித்து அடிப்பவருக்குக் குறைந்த கூலி. அதே மனிதருக்கு வாரத்தில் ஒரு காலைப்பொழுது வயலுக்குள் இறங்கி அறக்கொட்டியையும் சிலந்தியையும் எண்ணிச் சொல்வதற்கு நாட்கூலி கொடுத்துப் பாருங்கள். அவரைப்போல் அடித்தண்டைப் பார்க்கத் தெரிந்த கண் வட்டையில் வேறில்லை. ஒரு போகத்தில் அப்படி எண்ணக் கொடுக்கும் கூலியை, அடிக்காமல் விட்ட ஒரேயொரு தடவையின் மருந்துச் செலவோடும் டாங்கிக் கூலியோடும் வைத்துக் கணக்குப் பார்த்து, அந்தக் கணக்கைப் புரட்டாதியில் கூடும் ஆரம்பக் கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள்.